எங்க அக்காகிட்ட சொல்லணும்

போலீஸ் ஸ்டேஷன் ஏட்டம்மா தெருவில் வந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். காவலர்கள் மக்களோடு பழகக் கற்றுக்கொள்ளட்டும் என்று அரசு நிதி ஒதுக்கி, பயிற்சியாளர் ஒருவரை அனுப்பியது.

"விசாரிக்கப் போகாதீங்க, குறை கேக்கப் போங்க," என்றார் அவர்.

லத்தியை வைத்துவிட்டு ஏட்டம்மா வீடுவீடாக ஏறி இறங்கினார். வாரக்கணக்கில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு தையல்காரப் பெண் தயங்கிச் சொன்னாள்.

"பஸ் ஸ்டாப்ல லைட்டே எரியலக்கா. பொண்ணுங்க பயந்து பயந்து நடக்குதுங்க."

மின்சார அலுவலகத்தை நச்சரித்து விளக்கை எரியவைத்துவிட்டுத்தான் ஏட்டம்மா ஓய்ந்தார்.

சில நாளில் அந்தத் தெருப் பெண்கள் கூட்டமாக ஸ்டேஷன் படியேறினார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார்.

"என்னம்மா பிரச்சினை? சொல்லுங்க."

"உங்ககிட்ட இல்ல சார். எங்க அக்காகிட்டதான் சொல்லுவோம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி வழிவிட்டார். ஏட்டம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.