ஏழாம் நம்பர் கூண்டு

திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாடில்லாத மாட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் என் அத்தை பன்னிரண்டு வயல் எலிகளை நம்பர் போட்ட தனித்தனிக் கூண்டுகளில் வைத்திருந்தாள். அவள் அப்பாவின் தங்கை. எலி இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் கல்யாணம் என்று பிடிவாதமாக நின்றாள். தை மாதம் வரை பொறுப்பேன், அதற்கு மேல் முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

எலியின் வால் நுனியை லேசாக நறுக்கி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வாராவாரம் பார்ப்பாள். பன்னிரண்டில் ஏழாம் நம்பருக்கு மட்டும்தான் ஒட்டுண்ணி இருந்தது. அவள் ஆராய்ச்சியே அந்த ஓர் எலியை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் எனக்கும் மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். புழு மாதிரி என்னமோ நெளிந்தது.

"இதுக்கு வலிக்காதா அத்தே?"

"யாருக்குடி தெரியும்? இந்த நோவு கொஞ்ச நாள்ல தானா பூடும். எப்போ பூடுதுன்னுதான் பாத்துகினு கீறேன்."

எனக்கு எட்டு வயது. காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்த சமயம். நோயாளியைக் கூண்டில் அடைத்து வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் நியாயம்? அத்தை கல்லூரிக்குப் போனதும் ஏழாம் நம்பரை வரப்பில் கொண்டுபோய் விட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. அத்தை வயலில் வைத்திருந்த பொறியில் அன்று விழுந்திருந்த புது எலியை, அவள் செய்வதுபோலவே பொறியைக் கூண்டு வாசலோடு ஒட்டவைத்து, உள்ளே விரட்டினேன். எல்லா எலிக்கும் ஒரே மூஞ்சிதானே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அத்தை அந்த எலியின் வாலைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். நறுக்குப்படாத முழு வால். அதை நான் யோசிக்கவே இல்லை.

"நீயா வுட்ட?"

"அதுக்கு ஒடம்பு சரியில்ல அத்தே..."

அவள் அடிக்கவில்லை. நோட்டைத் திறந்து, ஏழாம் நம்பரின் ஆறு வாரக் கணக்கின் மேல் ஒரு கோடு கிழித்தாள். எப்படி ஓடியது என்று கேட்ட அப்பாவிடம், "நாந்தான் கதவ சரியா சாத்தல" என்றாள். உதை தப்பியதே என்று நான் விளையாடப் போய்விட்டேன். அதன்பிறகு எத்தனையோ எலிகள் பொறியில் விழுந்தன. எதன் இரத்தத்திலும் ஒன்றும் நெளியவில்லை.

தையில் பூந்தமல்லியில் கல்யாணம். மைக்ரோஸ்கோப்பைக் கல்லூரி திரும்ப வாங்கிக்கொண்டது. ஆய்வேடு பாதியில் நின்றது. இதற்காக அத்தையிடம் நான் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்க வெட்கமாக இருக்கிறது.

மணவறையில் அத்தை அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "கல்யாணப் பொண்ணுன்னா அழத்தான் செய்யும்" என்றாள். நான் அதை நம்பிவிட்டு, பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்திக்கு ஓடினேன்.