செவ்வாய்க் கிரகத்துக்கு நான் எழுதிய கடைசி அத்தியாயம்

மைதா பசை கொதிக்கிற வாசனை தெரியுமா உங்களுக்கு?

பூச்சி அரிக்காம இருக்க அதுல கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். விரலெல்லாம் நீலம் ஏறியிருக்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் சாப்பிடக் கையை வாய்கிட்ட கொண்டு போனா அந்த வாசனைதான்...

எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. சங்கரன்கோவில் ரதவீதியில ஒரு பைண்டிங் கடையில வேலை. வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையைக் கிழிச்சுக் கிழிச்சுச் சேர்த்து, முடிஞ்சதும் எங்ககிட்ட கொடுத்து புஸ்தகமா தைச்சு வாங்கிட்டுப் போவாங்க. பக்கங்களை வரிசைப்படுத்துறது என் வேலை. அந்தச் சாக்குல ஊர்ல உள்ள கதை பூராவும் ஓசியில படிச்சவ நான்.

ஒரு நாள் காதர் பாய் ஒரு கட்டோட வந்தார். கடையநல்லூர்க்காரர், துபாயில வேலை, லீவு முடிஞ்சு கிளம்புற நேரம்.

"எங்க வீட்ல வாரா வாரம் எனக்காக எடுத்து வச்ச கதை தங்கச்சி. நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வாரேன், தந்துருங்க. மறுநாள் பிளைட்டு. எம் மக நடக்கப் பழகுனதையே கேசட்ல கொலுசுச் சத்தமாத்தான் கேட்டேன். கதையையாவது முழுசா கொண்டு போறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ மாதிரி இருந்துச்சு.

அது ஒரு விஞ்ஞானத் தொடர்கதை. ஒருத்தன் ஏழு வருஷ கான்ட்ராக்ட்ல செவ்வாய்க் கிரகத்துக்கு வேலைக்குப் போயிடுவான். பொண்டாட்டி இங்க. அந்தக் கதையில எல்லார் சட்டைப்பையிலயும் கம்பி இல்லாத போன் இருக்கும். கேள்வி கேட்டா பதில் சொல்ற பெட்டி இருக்கும். கார் தானா ஓடும்.

நான் வாசிச்சுக் காட்ட, கூட வேலை பார்த்த சண்முகத்தாய்க்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுட்டு போஸ்டாபீஸ்ல அரை நாள் காத்துக் கிடக்கோம். இவன் பையில போனை வச்சிக்கிட்டு அலையுதானாம்!"

நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அங்கதான் சனி பிடிச்சது.

புஸ்தகத்தோட முதுகுல வேஸ்ட் பேப்பரைக் கிழிச்சுப் பட்டையா ஒட்டுவோம், அப்போதான் தையல் நிக்கும். கடைசி வாரக் கதை ஒரே ஒரு தாள். பின்பக்கம் முழுக்க கூந்தல் தைல விளம்பரம். அந்தப் பக்கம் மேல இருந்ததைப் பார்த்து, வேஸ்டுன்னு நினைச்சு, நாலு பட்டையா கிழிச்சு, பசை தடவி... ஒட்டியே விட்டேன்.

நான் இன்னும் படிக்காத ஒரே தாள் அதுதான்! உரிச்சு எடுக்கப் பார்த்தா எழுத்தெல்லாம் பசையோட கூழாப் போச்சு.

முதலாளி அண்ணாச்சி அட்டை வாங்க சிவகாசி போயிருந்தார். பக்கம் தொலைச்சா அவர்கிட்ட மன்னிப்பே கிடையாது, அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவார். அதை விட, பாய் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் பயம். முழுசா கொண்டு போறேன்னு சொன்ன மனுஷன்.

மத்தியானம் சாப்பிடாம உட்கார்ந்து நானே எழுதினேன்.

ராக்கெட் பழுதாகி அவனால வர முடியலை. கம்பெனிக்காரங்க அவ அடுப்படிச் சுவத்துல ஒரு கண்ணாடி மாட்டி விட்டுப் போறாங்க. அவ தோசை ஊத்துற நேரத்துக்கு அது வெளிச்சமாகுது. உள்ள அவன் முகம்! பேசுறான். பிள்ளை தத்தித் தத்தி கண்ணாடிக்கு முன்னாடி நடக்குது. அவன் அங்க இருந்து கை தட்டுறான். முற்றும்.

"கடைசித் தாள் பசையில நனைஞ்சிருச்சு பாய், கையால காப்பி எடுத்து வச்சிருக்கேன்" அப்படின்னு கூசாம பொய் சொன்னேன். அவரும் வாங்கிட்டுப் போயிட்டார்.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே புஸ்தகத்தோட திரும்ப வந்து நிக்கிறார். தாள் தாளா பிரிஞ்சு கிடக்கு. கல்லாவில அண்ணாச்சி.

"தங்கச்சி, இந்தக் கடைசி அத்தியாயம் நீங்க எழுதுனதுதான?"

நான் ஓரக்கண்ணால கல்லாவைத்தான் பார்த்தேன்.

"எங்க ரூமுக்குப் புதுசா வந்த திருச்சிக்காரரு பத்திரிகையில வந்ததைப் படிச்சிருக்காரு. அதுல அவன் அங்கேயே செத்துப் போறானாம். அது எங்களுக்கு வேண்டாம். ரூம்ல எட்டு பேரும் மாத்தி மாத்திப் படிச்சுத்தான் இப்படி ஆயிட்டு. நீங்க எழுதுனதையே வச்சு நல்லா அழுத்தமா தைச்சுத் தாங்க."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை புஸ்தகத்துல கை வச்சிருக்க?"

திட்டுன மாதிரியே இருந்தாலும், அந்தப் புஸ்தகத்துக்கு மேலட்டை போட சிவப்பு காலிகோ துணி எடுத்துக் கொடுத்தது அவர்தான். நான் அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போகலை, மிதந்துதான் போனேன்.

இப்போ என் மக தோஹாவில நர்ஸ். தினமும் நான் தோசை ஊத்துற நேரத்துக்கு வீடியோ கால். போனை உப்பு ஜாடி மேல சாய்ச்சு வச்சிட்டு ஊத்துவேன். பேரன் அங்க நடந்து காட்டுவான், நான் இங்க கை தட்டுவேன். "இதைக் கண்டுபிடிச்சது உங்க பாட்டிதாம்ல" அப்படின்னு அவன்கிட்ட தினமும் சொல்லுதேன். மகளுக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு.

இருக்கட்டும். அந்தப் பெரிய எழுத்தாளர் போன், கார் எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னார். ஆனா தூரத்துல இருக்கிற புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் என்ன வேணும்னு சொன்னது இந்தப் பைண்டிங் கடைக்காரிதான். இந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எழுதாம விட்டுட்டேன். கண்ணாடி அணைஞ்ச பிறகு அவ என்ன பண்ணினா? பத்தொன்பது வயசுல எனக்கு அது தெரியலை.

இப்போ கேட்டா எழுதிடுவேன்... "வச்சிரட்டுமாம்மா" அப்படின்னு மக கட் பண்ணின பிறகும், தோசை கருகுற வரைக்கும் அந்த போனையேதான் பார்த்துக்கிட்டு நிக்கேன்.