கோழிக்கு ஊறிய ரத்தம்

எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் வேதாளம் குடியிருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தார். நான் ஏறிக் கையைக் காலை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். நானோ அதை நம்பியதோடு நிற்காமல், வேதாளத்துக்கு வேலையும் கொடுத்துவிட்டேன்.

மலேசியாவில், ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. வீட்டின் பின்புறம் கம்போங் கோழிகள், அதாவது நாட்டுக்கோழிகள். அந்த வருடம் கோழிகளின் கொண்டை வெளுத்துப் போனது. அப்பா முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, தீனியில் கலந்து போட்டார். கொஞ்ச நாளில் கொண்டைகள் செம்பருத்தியாகச் சிவந்தன.

"ரத்தம் ஊறிருச்சிலா," என்று ஒரு கோழியின் கண்ணிமையைத் தாழ்த்திக் காட்டினார். உள்ளே ஒரே சிவப்பு. இலை வழியாக வேதாளம் கோழிக்குள் இறங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது. அதன் பிறகு எந்தக் கோழியும் என்னைக் கோழி பார்ப்பது போலப் பார்க்கவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு ரத்தம் ஊறாத நோய். மலாக்கா ஆஸ்பத்திரியில் யாருடைய ரத்தத்தையோ அடிக்கடி ஏற்றி அனுப்புவார்கள். "இதுக்கு மேலயும் ஊறலன்னா..." என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள்; என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள்.

"கோழிக்கு ஊறுதே, எனக்கு ஊறாதாண்ணே?" என்று அத்தை ஒருநாள் கேட்டார்.

"கோழிக்குச் சத்து பத்தல, வெளுத்துச்சு. ஒனக்கு வந்தது வேறம்மா. டாக்டர் சொல்றதக் கேளு," என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் அந்திக் கருக்கலில் கோழிக் கூண்டுக்குள் யாரோ குந்தியிருந்தார்கள். கோழிகள் சத்தமே போடாமல் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அத்தைதான். முருங்கைத் தூளை டப்பாவிலிருந்து அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உதடெல்லாம் பச்சை, பல்லெல்லாம் பச்சை. வேதாளம் அத்தைக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்க வா." குரல் அத்தையுடையதுதான். கைப்பேசி விளக்கை என் கையில் கொடுத்து, தன் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். "நல்லா பாருலா. செவப்பா இருக்கா?"

சிவந்திருந்தால் அத்தை போச்சு, வேதாளம்தான் மிச்சம். குனிந்து பார்த்தேன். உள்ளே காகிதம் போல வெள்ளை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இல்லத்த! கொஞ்சங்கூடச் செவப்பே இல்ல! வெள்ள வெளேர்னு இருக்கு!" என்று குதித்தேன்.

அத்தை விரலை எடுக்கவில்லை. இமையை இழுத்துப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நல்ல சேதியை அம்மாவிடம் சொல்ல நானே ஓடினேன்.