வெள்ளிக்கிழமை நெருப்பு

அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்து, அடைமழையில் போய்ச் சேர்ந்தேன். குடியிருக்க ஓர் அறை தந்தார்கள். தீப்பெட்டி வழியிலேயே நனைந்துவிட்டது. அடுத்த அறையில் தோட்டக் காவல்காரர் தனியாக இருந்தார். எலும்பும் தோலுமான ஆள். எந்நேரமும் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருப்பார். அவரிடம் இரண்டு கங்கு கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை நெருப்பு கொடுத்தா வீட்டு லட்சுமி போயிரும்வே.”

“உம்ம வீட்டுல போறதுக்கு என்னவே இருக்கு?”

“இந்த நெருப்புதான் இருக்கு. வேணும்னா இங்கன வந்து குளிர் காயும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈர வேட்டியோடு என் அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

விடியும் நேரம் கங்குச் சட்டியைத் தன் கம்பளியால் மூடிக்கொண்டு, தான் நனைந்தபடி வந்தார்.

“சனி பொறந்துட்டு. இந்தாரும்.”

எனக்கோ உடம்பு அனலாய்க் கொதித்தது. பின்னாலேயே வேலைக்கு ஆள் எழுப்ப வந்த கங்காணி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் தோட்டத்துக்கு ஆகாது, கீழே இறங்கிப் போ என்றார்.

காவல்காரர் கங்குகளை என் அடுப்பில் கொட்டினார். நான் மூட்டை கட்டி முடிக்கிறவரை என் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். நடுங்கிக்கொண்டே மலையிறங்கினேன். அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.