பொக்கற்றில் கடுகு

ஸ்காபரோவில், மல்வேர்ன் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைத்தான் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. தென்துருவப் பக்கம் போகும் சுற்றுலாக் கப்பலில் வேலையாம். பயணிகள் கரையிறங்குமுன் சப்பாத்துகளைக் கழுவி, ஜாக்கெற் பொக்கற்றுகளைத் துப்புரவாக்க வேண்டும்.

"பனியில கொஞ்சம் ஊத்தை பட்டால் என்ன அக்கா?"

"ஊத்தையில்லைத் தம்பி, விதை. இப்ப சூடு கூடிப் பனி விலகுது. ஒண்டு முளைச்சுப் பரவினாப் போதும், பென்குவின் கூடு வைக்கிற இடத்தைப் புல்லு மூடிப்போடும்."

பிறகு குலுங்கிச் சிரித்தார். "முதல் பயணத்தில விதையோட பிடிபட்டது ஆர் தெரியுமே? நான்தான்! பொக்கற் நிறையக் கடுகு. கப்பல் சாப்பாட்டைத் தாளிச்சுத் தின்னக் கொண்டுபோனனான்."

"பென்குவினைக் கிட்டப் பாத்தனீங்களோ?"

"நான் கிட்டப் போகக்கூடாது. அதுதான் வந்து என்ர சப்பாத்தைக் கொத்திப் பாத்தது. துப்புரவு எண்டு விட்டுட்டுது."

அவருடைய தரிப்பு வந்தது. இறங்குமுன் ஒரு காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தார். பிறகு மற்றக் காலை. சாரதி பொறுமையாகக் காத்திருந்தார். வெளியே கிடந்தது வீதிக்குத் தூவிய உப்பும் சேறும் கலந்த ஸ்காபரோப் பனிதான். அதிலும் அவர் மரியாதையாகத்தான் கால் வைத்தார்.