சவரக்கத்தியும் சிவப்புக் கோடும்

எல்லாரும் தாடி வளர்க்க வரும் திருவண்ணாமலையில், பழைய சாமான் கடை ஒன்றில் எலும்புப் பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி வாங்குகிறேன். கடைக்காரம்மா தோல்வாரில் தீட்டித் தந்து, கண்ணாடியையும் நீட்டுகிறார். இனிப் பின்வாங்க முடியாது. முகத்தை நனைத்து, நுரை பூசி, முதல் இழுப்பு இழுக்கிறேன். மூக்கோரம் சிவப்பாக வழிகிறது.

"ஐயோ, ரத்தம்! ஆட்டோவக் கூப்பிடுங்க!"

"கத்தாதீங்கண்ணா. காத்தால கோயில்ல வச்ச குங்குமம், தண்ணில கரைஞ்சு வருது."

தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியையும் மழிக்கிறேன். ஒரு கீறல் இல்லை. கன்னம் பலாச்சுளையாக வழவழக்கிறது.

என் கத்தலைக் கேட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது.

"எந்த ஆஸ்பத்திரி சார்?"

"ஆஸ்பத்திரி வேணாம்பா. ஊரை ஒரு சுத்து சுத்து. இந்த மூஞ்சிய நாலு பேரு பாக்கணும்."