தூம்பை அடைத்தது

சொந்த வீடு வாங்கிய முதல் மழைக்காலத்தில் அப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதுவரை டவுனுக்கு வெளியே கதிர்காமத்துப் பக்கம் வாடகை வீடுகளில் இருந்தோம். ஒழுகினால் ஓனரைத் திட்டுவோம், அத்தோடு சரி. இப்போது திட்டுவதற்கு அப்பாவை விட்டால் ஆளில்லை.

டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. "வேணாண்டா, அது ஒழுவுற வீடு" என்று பெரியப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். அம்மாவுக்குப் பிடித்துப்போனதால் வாங்கினோம். அந்தப் பெரியப்பாதான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். மழை சொல்லாமலே வந்துகொண்டிருந்தது.

ஓட்டின் ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய் வழியாகக் கீழே இறக்க ஒரு தகரத் தூம்பு உண்டு. அது நிரம்பி வழிந்து கூடத்துச் சுவரில் இறங்கியது. அப்பா மேட்டுப்பாளையத்தில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏணியில் ஏறுவார். ஓட்டுச் சந்தில் சிமென்ட் பூசுவார், தகரத்தில் தார் தடவுவார், இறங்கி வானத்தைப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். ஒழுகல் ஒரு முழம் தள்ளி ஆரம்பிக்கும்.

"கொத்தனாரக் கூப்புடலாம்ல?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்ட நாம பாத்துக்க மாட்டமா? அண்ணன் வந்து சிரிக்கட்டும்னு பாக்குறியா?"

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வாளியும் குண்டானுமாக ஒழுகலின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பாதிப் பிரசங்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவையும் பெரியப்பாவையும் கோயிலில் விட்டுவிட்டு, அப்பா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நனைந்தபடியே ஏணியில் ஏறி, தூம்பு குழாயில் சேரும் வாய்க்குள் கையை விட்டார். ஒரு வாரமாக அந்த இடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. கையோடு வந்தது ஒரு கட்டுக் குருத்தோலைச் சிலுவை.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைக் குப்பையில் போடக்கூடாது. கோயிலில் திருப்பிக் கொடுத்தால் சாம்பல் புதனுக்கு எரித்து நெற்றியில் பூசுவார்கள். அம்மா கொடுத்ததே இல்லை. ஒவ்வொரு வாடகை வீட்டுக் கதவிலும் செருகியிருந்ததை எல்லாம் சேர்த்துக் கட்டி, இங்கே குடிவந்த அன்று தானே முக்காலி போட்டு ஏறி ஓட்டு விளிம்பில் செருகினாள். "இனிமே இதத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்" என்று வேறு சொன்னாள். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் வாயை அடைத்திருக்கிறது.

"ஐயோ, இது அம்மா வச்சதுப்பா!"

"மூச்!" என்று அப்பா ஓலைக்கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தண்ணீர் தடதடவென்று தெருவில் கொட்டியது.

பெரியப்பா வந்ததும் சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் சொன்னனா இல்லியா? ஏம்மா, நீதான இந்த வீடே வேணும்னு நின்ன?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"வீடு நல்ல வீடுதான்ணா" என்றார் அப்பா. "நான்தான் சிமென்ட்ட உள்ள தள்ளி அடச்சு வச்சுட்டேன். இப்பதான் எடுத்தேன்."

பெரியப்பாவுக்கு அது போதும். கறிச்சோறு முடியும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நான் அப்பவே கொத்தனாரக் கூப்புடச் சொன்னேன் மாமா" என்று பெரியப்பாவிடம் சொல்லி அம்மாவும் சேர்ந்துகொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா என் தட்டில் ஒரு எலும்பை வைத்தார்.

ஓலைக்கட்டு அப்பாவின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்து காய்ந்து, பிறகு மாதா படத்துக்குப் பின்னால் வந்தது. "மழையில நனையுதேன்னு நான்தான் எடுத்து உள்ள வச்சேன்" என்று அப்பா சொன்னபோது அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அண்ணன் முன்னால் தலைகுனியக்கூடாது என்று ஒரு வாரம் ஏணியிலேயே குடியிருந்த மனுஷன், வலியப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, கூடத்தில் கால் நீட்டி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். என் அப்பாவுக்குக் கொஞ்சம் விவரம் போதாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.